சொந்த லாரிக்குப் பூக் கேட்டது

சொந்தமாக ஒரு லாரி ஏன் வாங்கவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். ஆளுக்குத் தகுந்த மாதிரி பதில் வைத்திருந்தேன். டிரைவர்களிடம் டீசல் விலையைச் சொல்வேன். சொந்தக்காரர்களிடம் இரண்டு மாநில பர்மிட்டைச் சொல்வேன். கோயில் குளம் என்று இருப்பவர்களிடம், அம்மன் உத்தரவு கொடுக்கவில்லை என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். மூன்றாவது பதிலைச் சொல்லும்போது மட்டும் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். அது ஏன் என்பதை இத்தனை வயதுக்குப் பிறகாவது எழுதிவிட வேண்டும்.

எழுபதுகளில் நான் கேரள எல்லைக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்தில் ஒரு முதலாளியின் லாரியை ஓட்டினேன். அவருக்குத் தென்னந்தோப்பும் மாட்டுத் தீவன மண்டியும் மூன்று லாரிகளும் இருந்தன. காலையில் சுற்றுவட்டாரத்துப் பால் சொசைட்டிகளில் கேன்களை ஏற்றிப் பாலக்காட்டில் இறக்க வேண்டும். மதியத்துக்கு மேல் பொள்ளாச்சிக்குப் போய்ப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் ஏற்றி வந்து மண்டியில் சேர்க்க வேண்டும். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. நடைக்கு இவ்வளவு என்று பேச்சு. வண்டி ஓடினால் எனக்கும் உண்டு, நின்றால் இல்லை.

செக்போஸ்டில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது டீக்கடையில் என் பேச்சைக் கேட்க ஒரு கூட்டமே இருக்கும். "என்ற கையில மட்டும் ஒரு சொந்த வண்டி இருந்துச்சுன்னா இந்த ரோட்டுல ஒருத்தன் நமக்கு முன்னால போக மாட்டான்" என்று ஆரம்பிப்பேன். எந்தச் சரக்கு எந்த மாதத்தில் லாபம், திரும்பி வரும்போது வண்டி காலியாக வராமல் என்ன ஏற்றலாம், டயரை எங்கே ரீட்ரெட் செய்யலாம், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். வாயாலேயே நான் ஐம்பது லாரி வாங்கியிருப்பேன். வீட்டிலும் இதே பேச்சுதான். சோற்றில் கை வைத்துக்கொண்டே பேசுவேன். என் மனைவி எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

உள்ளுக்குள் நான் வேறு ஆள். ஒருமுறை தத்தமங்கலத்துக்கு முன்னால் பின் ஆக்சில் ஒடிந்து வண்டி படுத்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மேலே முழுக்கப் பால் கேன்கள். முதலாளி மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். மெக்கானிக்கைத் தேடி ஒரு ஓட்டம், மாற்று வண்டி தேடி ஒரு ஓட்டம். திரிந்துபோன பாலை வாய்க்காலில் கொட்டும்போது அவர் பார்க்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார். நான் புளியமரத்து நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சாவியை மண்டிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். அந்த ஆணியில் சாவியை மாட்டிவிட்டு வெறுங்கையோடு நடப்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டீக்கடையில் பேசுகிறவனால் அதைச் சொல்ல முடியுமா?

என் மனைவி மூன்று எருமைகள் வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் கேட்டதை மறக்க மாட்டாள். ஒருநாள் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். நான் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு அந்த வழியே வந்தவன், வண்டியை நிறுத்தி அவளைக் கேபினில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷம். கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். செக்போஸ்டைத் தாண்டி மண்டிக்கு அரை மைல் இருக்கும்போது முதலாளி எதிரே வந்து கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்.

கேபினில் டிரைவரைத் தவிர யாரும் ஏறக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "ஏண்டா, இது என்ன உங்கப்பன் ஊட்டு வண்டியா? பொண்டாட்டிய உக்கார வெச்சு ஊர்கோலம் போறயா? எறக்கு மொதல்ல" என்றார். ரோட்டோரம் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சரிங்க மொதலாளி" என்றேன், அவ்வளவுதான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே இறங்கினாள். நான் கியர் போட்டு நகர்த்தினேன். பக்கக் கண்ணாடியில் அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நடந்து வருவது தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அடுத்த மாதமே கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் தன் லாரியை விற்கிறார் என்று செய்தி கொண்டுவந்தாள். வயதானவர், கண் பார்வை மங்கிவிட்டது, வண்டி முன்னால் மூக்கு நீண்ட பழைய மாடல், ஆனால் எஞ்சின் நன்றாக இருக்கிறதாம். அதை விற்பவரின் மனைவியிடமே போய் விசாரித்திருக்கிறாள். தன் அப்பா வீட்டுப் பங்காக வந்த தோட்டத்துத் துண்டை விற்றுவிடலாம் என்றும், எருமைகளில் இரண்டைக் கொடுத்துவிடலாம் என்றும் முடிவு செய்து வைத்திருந்தாள். வில்லேஜ் ஆபீசுக்குப் போய்க் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதுகூட வாங்கி வந்துவிட்டாள். "நீங்க யாருகிட்டயும் கை கட்டி நிக்க வேண்டாமுங்க. நம்ம வண்டி, நம்ம இஷ்டம்" என்றாள்.

பேசுகிறவன் பேசிக்கொண்டே இருப்பான், கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நான் இருந்தேன். இவள் என் பேச்சை நம்பி எல்லாவற்றையும் முடித்துவைத்திருந்தாள்.

பர்மிட் கிடைக்காது என்றேன். கேரள வண்டி தமிழ்நாட்டுக்குள் போக அங்கேயும் கையெழுத்து வாங்க வேண்டும், அதற்கு அலையாய் அலைய வேண்டும் என்று பயம் காட்டினேன். அவள் லாரி விற்பவரைக் கேட்டு, அந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் பர்மிட் இருக்கிறது, பேர் மாற்ற ஓர் அபேட்சை, நம் பாஷையில் மனு, எழுதிக் கொடுத்தால் போதும் என்று தெரிந்துகொண்டு வந்தாள். பழைய வண்டி, கியர்பாக்ஸ் எப்படியோ என்றேன். சித்தூரிலிருந்து மெக்கானிக்கை அவளே கூட்டிப்போய்க் காட்டினாள். அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம், "அண்ணா, கண்ண மூடிட்டு வாங்குங்க" என்றான். எனக்குச் சாக்குத் தீர்ந்துகொண்டே வந்தது.

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆக்சில் ஒடிந்த அன்று முதலாளி ஓடிய ஓட்டத்தை நான் ஓட மாட்டேன், எனக்கு அந்தத் தெம்பு இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் சிரித்திருப்பாளோ என்னவோ, ஆனால் விட்டிருப்பாள். நான் ஆம்பிளை மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு, "எதுக்கும் ஆத்தாகிட்ட ஒரு பூக் கேட்டுக்கலாம் புள்ள" என்றேன்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் அம்மனிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. வெளியே தெரியாதபடி இலையில் சுற்றி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, கிணற்றில் போட்டுவிட வேண்டும். இது தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. என் மனைவிக்கும் உடனே சம்மதம்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். அவள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கோயில் பின்புறம் போய் அரளியும் பூவரச இலையும் பறித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பறிக்கப் போகும்போது ஒழுங்காகச் செய்யும் எண்ணம்தான் இருந்தது. வருவது வரட்டும், வெள்ளை வந்தால் வாங்கித் தொலைப்போம் என்றுதான் நினைத்தேன். முதல் பொட்டலத்தில் செவ்வரளியை வைத்துச் சுற்றினேன். இரண்டாவது இலையை விரித்து, வெள்ளரளியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெள்ளை வருமோ சிவப்பு வருமோ என்ற அந்தப் பாதிக்குப் பாதியைக்கூட என்னால் தாங்க முடியவில்லை. வெள்ளையைப் புதருக்குள் எறிந்துவிட்டு அதிலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன்.

பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். நான் எடுக்கக் கையை நீட்டினேன். அவர் என்னைத் தடுத்து, "அம்மிணி, உன்ற சொத்து போட்டு வாங்கறது. நீயே எடு" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடி ரொம்ப நேரம் கும்பிட்டாள். வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து அவளே பிரித்தாள்.

சிவப்பைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்தது. பூசாரி, "ஆத்தா இப்ப வேண்டாங்கறா. ஏதோ கொறை இருக்குதாட்ட இருக்குது" என்றார். மற்ற பொட்டலத்தை நானே எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டேன். நார் நழுவி இலை விரிந்து, சிவப்புப் பூ தண்ணீரில் மிதந்தது. யாரும் வருவதற்குள் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் போட்டேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, வருத்தப்படுகிறவன் மாதிரி நடந்து வந்தேன்.

இருவரும் வீட்டுக்குத் திரும்பினோம். தோட்டத்துப் பக்கம் வந்ததும் அவள் நின்று, "அந்தக் கொறை என்னன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

எங்களுக்கு ஒரு பையன் பிறந்து ஏழாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு குழந்தை இல்லை. பையன் போன அன்று அவள் கோயில் வாசலில் போய் நின்று, "உனக்குக் கண்ணு இருக்குதா? நீயெல்லாம் ஒரு தெய்வமா?" என்று அம்மனை ஏசியிருக்கிறாள். எனக்கு அது அதுவரை தெரியாது. "வாயில வந்ததெல்லாம் சொன்னனுங்க. ஆத்தா அத மறக்கல. என்ற கையாலயே சிவப்ப எடுக்க வெச்சுட்டா. உங்களுக்கு வர வேண்டியதும் என்னால போச்சு" என்றாள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, உடு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். நினைக்கும்போதெல்லாம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும் இடம் அதுதான்.

அதிலிருந்து அவள் தனக்குத்தானே ஒரு தண்டனை வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. காலையில் எருமை கறப்பதற்கு முன்னால் போய்க் கோயில் வாசலைக் கூட்டிவிட்டு வருவாள். தலைக்குப் பூ வைப்பதை விட்டுவிட்டாள். ஆத்தா கோபம் தணியும் வரைக்கும் என்று சொன்னாள். புருஷன் இருக்கும்போதே ஏன் பூ வைக்காமல் மொட்டைத் தலையாக வருகிறாள் என்று கல்யாண வீடுகளில் பெண்கள் கேட்பார்கள். ஏதோ வேண்டுதல் என்று அவள் சிரித்து மழுப்புவாள். பொள்ளாச்சியிலிருந்து நான் ஒருமுறை மல்லிகை வாங்கி வந்தேன். வாங்கி அம்மன் படத்துக்குப் போட்டுவிட்டாள்.

அந்த மூக்கு வண்டியை எங்கள் முதலாளியிடமே ஓட்டிக்கொண்டிருந்த இன்னொரு டிரைவர் வாங்கினார். என்னைப் போலப் பேசத் தெரியாதவர். வாங்கிய அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் அவர் தோளைத் தட்டினேன். மனதுக்குள் அந்த வண்டி நாசமாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது ஓடி ஜெயித்துவிட்டால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும். படுத்துவிட்டால் ஏதோ ஒரு நியாயம் கிடைக்கும். என் நியாயத்துக்காக இன்னொருத்தன் நடுத்தெருவுக்கு வர வேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு இறங்கிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அது நிஜமாகவே படுத்தது. கன்னிமாரிக்குப் பக்கத்தில் கியர்பாக்ஸை இறக்கிச் சாக்கின் மேல் வைத்திருந்தார்கள். அவர் வண்டிக்கு அடியில் கிடந்தார், கால் மட்டும் தெரிந்தது. நான் ஹார்ன் அடித்துவிட்டு நிற்காமல் போனேன். அன்றைக்கு முழுக்க விசில் அடித்துக்கொண்டு ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவளிடம் சொன்னேன்: "பாத்தயா? ஆத்தா நம்மளக் காப்பாத்திட்டா."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "கோவத்துலயும் நம்ம நல்லதத்தான் பாத்திருக்கறா" என்றாள். பிறகு, "அவிய ஊட்டுல அந்தக்கா என்ன பண்ணுதோ" என்று ஒரு தூக்குப்போசியில் மோர் எடுத்துக்கொண்டு பார்க்கப் போய்விட்டாள். நான் தனியாக உட்கார்ந்து சோறு தின்றேன். அந்த வண்டி நாலு நாளில் சரியாகிவிட்டது. பிறகு சுமாராக ஓடியது, சுமாராகச் சம்பாதித்தது. அவருக்கு அதனால் கோபுரமும் எழும்பவில்லை, குடியும் முழுகவில்லை.

இப்படியே ஆறு வருடம் போயிற்று. பிறகு பால் எடுக்கப் பெரிய டேங்கர் வண்டி வந்தது, முதலாளியின் பால் கான்ட்ராக்ட் முடிந்தது. அவர் இரண்டு லாரிகளை விற்றார். என்னைக் கூப்பிட்டு, "வேற எடம் பாத்துக்கப்பா" என்றார். அதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. சாவியை மாட்டிவிட்டு நிம்மதியாக நடக்க எனக்கு ஆணியும் இல்லாமல் போனது.

ஒரு வாரம் வீட்டில் கிடந்தேன். எட்டாவது நாள் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். தோட்டத்துத் துண்டு அப்படியே இருக்கிறது என்றாள். முதலாளி விற்கும் வண்டிகளில் ஒன்றையே கேட்டுப் பார்க்கலாம் என்றாள். "ஆறு வருசம் நோம்பு இருந்துட்டனுங்க. ஆத்தாளுக்கு மனசு எறங்கியிருக்கும். இன்னொருக்காப் பூக் கேக்கலாமுங்க" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பொட்டலம் கட்டறதும் எடுக்கறதும் ரெண்டும் நீங்களே பண்ணிருங்க. என்ற கை ராசியில்லாத கை. உங்க கை சுத்தமானது" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே கோயில். அவள் அம்மனுக்கு முன்னால் கண்ணை மூடி நின்றாள். நான் பின்புறம் போனேன், வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று பறித்தேன். இந்தத் தடவை ஒழுங்காகக் கட்டினால் போதும், பழையது தானாக அழிந்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. என் புத்தி எப்போதும் தப்பிக்கும் வழியைத்தான் முதலில் தேடும். இலையை விரித்தேன். நார் முடிச்சு விழவே இல்லை. உங்க கை சுத்தமானது என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. பூவை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போனேன்.

பூசாரி இருந்தார். அவர் வெளியே போகட்டும் என்று காத்திருந்தால் நான் மறுபடியும் நழுவிவிடுவேன் என்று தெரிந்தது. அவர் இருக்கும்போதே சொன்னேன். "அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்புத்தான் வெச்சேன். லாரி வாங்கப் பயமா இருந்துச்சு. நீ எத எடுத்திருந்தாலும் சிவப்புத்தான் வந்திருக்கும்."

பூசாரி தட்டைக் கீழே வைத்தார். அவள் புரியாதவள் மாதிரி என்னைப் பார்த்தாள். இன்னொரு முறை சொன்னேன். திட்டட்டும், அடிக்கட்டும், தோட்டத்தை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகட்டும் என்று தயாராக நின்றேன். லாரியைப் பற்றிக் கேட்டால் சொல்ல மன்னிப்பும் சேர்த்து வைத்திருந்தேன்.

அவள் லாரியைப் பற்றிக் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப ஆத்தாளுக்கு என்ற மேல கோவம் இல்லீங்களா?" என்றாள்.

"இல்ல."

"நான் ஏசினதுக்கு அவ ஒண்ணுமே நெனைக்கலீங்களா?"

"நெனைக்கல. எல்லாம் நான் பண்ணுனது" என்றேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பையன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தப் பேரை அவள் வாயிலிருந்து கேட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மன் கோபத்துக்குப் பயந்து, செத்த பிள்ளைக்காக அழக்கூட அவள் துணியவில்லை. லாரி வாங்கத்தான் பணமும் தெம்பும் வேண்டும். இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடமும் நான் அவள் பக்கத்திலேயேதான் படுத்திருந்தேன்.